வடதுருவ ஒளி பார்க்க ஒரு வாரம்: மூணாறிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் மலைமுனையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம்கூடத் தெரியாது. ஒரே ஒரு நாள் லீவில் வந்தவர்கள் பள்ளத்தாக்கு இருக்கும் திசையைப் பார்த்தபடி அரை மணி நேரம் நிற்பார்கள். அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு வண்டி ஏறுவார்கள். என் வீட்டுக்காரர் மூணாறில் ஜீப் ஓட்டுகிறார். இந்த மாதிரி நாளில் அவர் வண்டியை மறையூர் பக்கம் திருப்பிவிடுவார். 40 கிலோமீட்டர்தான். தலையாறு தாண்டி இறங்க இறங்க மூட்டம் பின்னால் தங்கிவிடும்; சந்தனக் காட்டுக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கும். மலை மேகத்தை இந்தப் பக்கமே நிறுத்திவைத்துக்கொள்வதால் மறையூர் மழை மறைவுப் பகுதி ஆகிவிட்டது.

நாலு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் நாங்கள் இரண்டு பேரும் நார்வேக்குப் போய் வடதுருவ ஒளி பார்த்துவிட்டு வந்தோம். இங்கே கற்ற பாடம்தான் அங்கேயும் கைகொடுத்தது. அந்த ஒளியை மறைப்பது பெரும்பாலும் மேகம்தான். மேகம் இல்லாத பக்கத்துக்கு நகரத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. போய் வந்த பிறகு எங்கள் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

தெரிந்துகொண்டு போனால் எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்பது தானாகப் புரியும். சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் காற்றுப் போல எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் தடுத்துத் திருப்பிவிடுகிறது. அந்த மோதலில் காந்தப்புலத்துக்குள் சேரும் ஆற்றல், எலக்ட்ரான்களைத் துருவப் பக்கமாகக் கீழே தள்ளுகிறது. அவை மேல்வளிமண்டலத்தில் இருக்கும் ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் மோதும்போது ஒளி உண்டாகிறது. தரையிலிருந்து 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும். 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பாக ஒளிரும். அடி ஓரத்தில் தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜன் தருவது.

நம் ஊரில் ஏன் தெரிவதில்லை? நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 1963-ல் திருவனந்தபுரம் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அந்தக் கோடு பக்கத்தில் போவதுதான் காரணம். அரோரா என்றும் சொல்லும் இந்த ஒளி, காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமைகிறது. சூரியப் புயல் வலுத்தால் வளையம் தெற்கே இறங்கும். 2024 மே 10 இரவு வீசிய பெரும்புயலில் லடாக்கின் ஹான்லே வான் ஆய்வகக் கேமராவிலேயே சிவப்பு ஒளி பதிவானது. ஆனால் அப்படி ஒரு இரவுக்காக லடாக்கில் காத்திருக்க முடியாது. வளையத்துக்கு அடியில் போய் நிற்பதுதான் வழி.

'சூரியனின் உச்சக் காலம் முடிந்துவிட்டதே, இனிப் போய்ப் பயன் உண்டா' என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். சூரியனின் சுழற்சி ஏறக்குறைய 11 ஆண்டு. 2024-ல் அது உச்சத்தைத் தொட்டது உண்மை. ஆனால் வளையத்துக்கு நேர் கீழே இருக்கும் ஊர்களில், சூரியன் சாதுவாக இருக்கும் ஆண்டுகளிலும் மேகமற்ற பல இரவுகளில் ஒளி தெரியும். நம் ஊர் நீலக்குறிஞ்சி மாதிரி 2018-ஐ விட்டால் 2030 என்று காத்திருக்கிற சமாசாரம் இல்லை இது.

எந்த மாதம்

இருட்டு வேண்டும். நாங்கள் போன நார்வே ஊரான டிரோம்சோவில் மே கடைசியிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறைவதே இல்லை. ஏப்ரல் நடுவிலேயே இரவு வெளுத்துப்போகும். செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். டிசம்பரில் இருட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். அதுவும் அழகுதான். ஆனாலும் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை. பகலில் மலையையும் கடலையும் பார்க்க வெளிச்சம் இருக்கும், பனியும் கரைந்திருக்காது. செப்டம்பர், மார்ச் மாதங்களை ஒட்டி, பகலும் இரவும் சமமாகும் காலத்தில், காந்தப்புலக் கொந்தளிப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் வழக்கம்.

நமக்கு இன்னொரு வசதி உண்டு. வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள். மூணாறில் ஜீப்பும் அறையும் காலியாகக் கிடக்கிற நாட்கள் அவை. கிறிஸ்துமஸ் சீசனை விட்டுவிட்டுப் போனால் பிழைப்பு போகும். பிப்ரவரியில் போனால் போகாது.

எந்த ஊர்

இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். கேள்விப்பட்ட ஊரையெல்லாம் ஒரே வாரத்தில் சுற்ற நினைக்காதீர்கள். ஊர் மாறும் ஒவ்வொரு இரவும் ஒளி பார்க்க முடியாமல் போகும் இரவு.

ஐஸ்லாந்தில் பகலில் பார்க்க நிறைய இருக்கிறது. திங்வெல்லிரில் வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகும் பிளவுக்கு நடுவே நடக்கலாம். ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிட்டு எழும். குல்ஃபோஸ் அருவி, யோகுல்சார்லோனில் மிதக்கும் பனிப்பாறைகள் என்று பட்டியல் நீளும். ஆனால் அங்கே குளிர்காலக் காற்றும் மேகமும் ரொம்பத் தொந்தரவு. ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் அமைதியாக இருக்கும் கடலிலிருந்து திடீரென்று ஒரு பேரலை ஏறிவந்து ஆளை இழுத்துப்போகும். உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே போனால் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், எச்சரிக்கை விளக்கு சொல்வதைக் கேளுங்கள்.

பின்லாந்தின் லாப்லாந்தில் கடற்கரை மேகத் தொந்தரவு குறைவு. ஆனால் மைனஸ் 20, 30 வரை இறங்கும் உள்நாட்டுக் குளிர். சின்னக் குழந்தைகளோடு போனால் வெளியில் கால் மணி நேரம் நிற்பதே பெரிய பாடாகிவிடும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நார்வேயின் டிரோம்சோ. ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வடக்கே, வளையத்துக்கு நேர் அடியில் இருக்கிறது. வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அந்தக் கரை வழியாகப் போவதால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரி சராசரிக் குளிரே மைனஸ் 4 அளவில்தான். மூணாறு பக்கத்துச் செண்டுவாரையில் ஜனவரி விடியலில் புல் வெள்ளையாகி, வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும் உறைபனியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு டிரோம்சோ நகரக் குளிர் பெரிய அதிர்ச்சி தராது.

முக்கியமான காரணம் வேறு. டிரோம்சோ மூணாறு மாதிரி. கடற்காற்று கொண்டுவரும் மேகம் வந்து தட்டும் ஊர். அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம் உள்நாட்டுப் பக்கம் போனால் லிங்கன் மலைத்தொடருக்குப் பின்னால் ஸ்கிபோட்ன் இருக்கிறது. அது மறையூர் மாதிரி, மழை மறைவில் இருக்கும் பள்ளத்தாக்கு. அதையும் தாண்டினால் பின்லாந்து எல்லை, கில்பிஸ்யார்வி. சுவீடனில் அபிஸ்கோவும் இதே வகை. மலைகள் மேகத்தைத் தடுப்பதால் தோர்னெத்ரெஸ்க் ஏரிக்கு மேலே வானம் அடிக்கடி திறந்து கிடக்கும். மேகம் சூழ்ந்தால் ஓடிப்போக ஒரு இடம் பக்கத்தில் இருக்கிற ஊரைத் தேர்ந்தெடுங்கள். நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

எத்தனை இரவு

நாலு இரவு, ஒரே ஊரில். மூன்றுக்குக் கீழே வேண்டாம். கொச்சியிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாக ஆஸ்லோ, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் டிரோம்சோ. நெடும்பாசேரி விமான நிலையம் போய்ச் சேரவே நமக்கு நாலு மணி நேரம் பிடிப்பதால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எட்டு நாளில் முடிந்துவிடும்.

முழு நிலவு நாளைத் தவிர்க்க வேண்டுமா? மங்கலான ஒளி நிலா வெளிச்சத்தில் எடுபடாது. ஆனால் நிலா இருந்தால் பனி மூடிய மலை முழுதும் தெரியும். டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் நிலாவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

விசா

நார்வே, ஐஸ்லாந்து இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கின்றன. அதனால் ஷெங்கன் விசா ஒன்று போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி 15 நாளுக்குள் கொடுக்கக் கூடாது. நீங்கள் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் கூலி தனி. கைரேகை நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தது 59 மாதத்துக்குச் செல்லும்.

பாஸ்போர்ட், திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இதெல்லாம் எல்லாருக்கும் பொது. நம்மைப் போல மாதச் சம்பளம் இல்லாதவர்களிடம் அவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: இவர் திரும்பி வருவாரா? வருமான வரிக் கணக்கு, வண்டியின் பெர்மிட், அறை வாடகைக்கு விடும் உரிமம், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இப்படி ஊரில் வேர் இருப்பதைக் காட்டும் எதையும் சேர்த்து வையுங்கள். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் ஒரே தொகையாகப் பணம் போட்டுக் காட்டாதீர்கள், அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். எங்களுக்குப் பணம் சீட்டிலிருந்து வந்தது; அந்தச் சீட்டுப் புத்தகத்தின் நகலையே இணைத்து, ஒரு பக்கக் கடிதத்தில் விளக்கி எழுதினோம். விசா வந்தது.

மலையாளத்திலோ தமிழிலோ இருக்கும் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க மறக்காதீர்கள்.

துணி

நம் ஊர் ஸ்வெட்டரும் குல்லாவும் போதும் என்று நினைத்துப் போக வேண்டாம். இங்கே உறைபனி விடிந்தால் போய்விடும். அங்கே நீங்கள் இரவு பத்து மணிக்குப் பனியில் அசையாமல் இரண்டு மணி நேரம் நிற்கப்போகிறீர்கள். நடக்கிறவனுக்கு வராத குளிர் நிற்கிறவனுக்கு வரும்.

மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி உள்ளாடை. அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், பேன்ட். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும்; உள்ளே கம்பளி சாக்ஸ் போட்டும் விரல் ஆட வேண்டும். இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாது, முதலில் மரத்துப்போவது கால்தான். நான் முதல் இரவு இரண்டு ஜோடி சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துப் போட்டுக்கொண்டு அழுதே விட்டேன். மறுநாள் ஒரே ஜோடி, தளர்வாக. வலியே இல்லை.

எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். இரவுப் பயணம் கூட்டிப்போகிற வேன்காரர்கள் பலர் தடித்த வெளியுடையும் பூட்ஸும் இரவலாகத் தருகிறார்கள்; பதிவு செய்யும்போதே கேளுங்கள். உள்ளாடை, சாக்ஸ், கையுறை மட்டும் நல்லதாக வாங்கிவிடுங்கள். நகரத் தெருவில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டை அங்கே கடைகளில் கிடைக்கும். போன அன்றே வாங்குங்கள்.

இரவு வேலை

முன்னறிவிப்பில் இரண்டு எண் பார்க்க வேண்டும். ஒன்று கேபி, 0 முதல் 9 வரை. காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதன் அளவு. டிரோம்சோவுக்கு 1, 2 இருந்தாலே போதும். 5 வரவில்லையே என்று அறையில் படுத்துவிடாதீர்கள். இரண்டாவது மேக அளவு. இதற்கு நார்வே வானிலைத் துறையின் இலவசச் சேவையான ஒய்ஆர் (Yr) நன்றாக இருக்கிறது. ஊர் வாரியாக, மணி வாரியாகச் சொல்லும்.

பத்து நாளுக்கு முன்பே இன்ன தேதியில் ஒளி வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். சூரியக் காற்றை நேராக அளக்கும் விண்கலங்கள் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. நம் ஆதித்யா எல்1-ம் அங்கேதான் இருக்கிறது. அங்கே தொட்ட காற்று நம்மை வந்து சேர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். உறுதியான தகவல் அவ்வளவு நேரத்துக்குத்தான்.

வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுகிறவர். அங்கே சாலையில் தார் போலவே தெரியும் மெல்லிய பனிப் படலத்தைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகாது" என்று சாவியைத் தொடவில்லை. அந்த ஊர் ஓட்டுநர்கள் ஆணி பதித்த டயரில் பழகியவர்கள், எந்தப் பள்ளத்தாக்கு எந்தக் காற்றுக்குத் திறக்கும் என்றும் அவர்களுக்குத் தெரியும். எட்டுப் பத்துப் பேர் போகும் சின்ன வேன் நல்லது. பெரிய பேருந்து மேகத்தைத் துரத்திக்கொண்டு அவ்வளவு தூரம் போகாது. தேவைப்பட்டால் பின்லாந்து வரை ஓட்டுவார்கள், பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். இந்தப் பயணத்தைத் தங்கும் முதல் இரவுக்கே பதிவு செய்யுங்கள். பார்க்க முடியாவிட்டால் இன்னும் மூன்று இரவு கையில் இருக்கும்.

எங்களுக்கு முதல் இரவு மேகம். இரண்டாம் இரவும் டிரோம்சோவில் பனிப்பொழிவு. வேன் ஸ்கிபோட்ன் பக்கம் கிளம்பியது. ஒரு மணி நேரம் கண்ணாடியில் பனி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு வளைவில் அடித்தது நின்றது. என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டி, "தலையாறு தாண்டிட்டோம்" என்றார். இறங்கினோம். காலடியில் பனி நறநறவென்று நொறுங்கியது, வேறு சத்தமே இல்லை. வடக்கே மலைக்கு மேல் அடுப்புப் புகை மாதிரி வெளுப்பாக ஒரு பட்டை. மேகம் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடம் ஆனதும் அந்தப் பட்டை பச்சை பிடித்தது. திடீரென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, காற்றில் ஆடும் சேலை முந்தானை போல ஓடியது. அடி ஓரத்தில் ரோஸ் நிறம் ஓடி மறைந்தது. மூன்று நிமிடம் இருக்கும். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படத்தில் பார்க்கும் அடர்பச்சை கண்ணுக்கு எப்போதும் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறத்தை நன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒளி பலவீனமாக இருந்தால் சாம்பல் வெள்ளையாகத்தான் தெரியும். வெளுத்த பட்டை தெரிந்தால் வேனுக்குள் போய் உட்காராமல் கால் மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். போன் திரையை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும்.

படம் எடுக்க

போனில் இரவு முறை போதும். ஆனால் மூன்றுகால் தாங்கி கட்டாயம். கேமரா என்றால் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, லென்ஸை முழுக்கத் திறந்து, 5 முதல் 15 வினாடி. ஃபோகஸைக் கையால் தொலைவுக்கு வைத்துவிடுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

பகலில்

காலையில் தூங்குங்கள், இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் நீங்கள். மதியம் கேபிள் காரில் 421 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டூர்ஸ்டைனென் முகட்டுக்கு ஏறினால் தீவும் பாலங்களும் கடல்கால்களும் ஒரே பார்வையில் விரியும். ஒரு நாள் குவாலோயா தீவு வழியாகச் சொம்மாரோய் வரை போய் வரலாம். வெள்ளை மணலும் பனியும் அடுத்தடுத்துக் கிடக்கும். சாமி (Sámi) என்னும் அந்தப் பகுதிப் பழங்குடியினர் நடத்தும் கலைமான் முகாம்களில் தீயைச் சுற்றி உட்காரவைத்து அவர்கள் பாட்டைப் பாடிக்காட்டுகிறார்கள். திமிங்கலம் பார்க்க வேண்டுமானால் மட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள் போக வேண்டும். ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு அவை ஷெர்வோய் பக்கம் வருவது அப்போதுதான்.

சாப்பாடு

நார்வேயில் வெளியில் சாப்பிட்டால் காசு கரையும். சமையலறை உள்ள அறை எடுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி அங்கே கடையில் கிடைக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி இங்கிருந்து எடுத்துப்போகலாம். நெய், பால்கோவா, கறி வறுவல் வேண்டாம். இறைச்சியும் பால் பொருளும் வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. இரவுப் பயணத்தில் வேன்காரர்கள் சூடாக ஏதாவது தருவார்கள். அதில் கலைமான் இறைச்சி இருக்கலாம், சைவம் என்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

பையில் ஒரு கட்டுக் கடலை மிட்டாய் கட்டாயம் இருக்கட்டும். நள்ளிரவில் உடம்பு சூட்டுக்கு அதைப் போல ஒன்று இல்லை. மறையூர் வெல்லத்தில் செய்ததை எங்கள் ஓட்டுநருக்கும் கொடுத்தோம். மென்றுகொண்டே இது எந்த ஊர் என்று கேட்டார். "உங்க ஸ்கிபோட்ன் மாதிரி எங்களுக்கும் ஒரு ஊர் இருக்கு" என்று என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வேன் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் ஒரு மலை வரைந்தார். ஒரு பக்கம் மேகம், மறுபக்கம் வெறும் கண்ணாடி.